டர்பனில் தனியாக விக்கா: குருவும் இல்லை, கூட்டமும் இல்லை. எங்கிருந்து பிடிப்பது?

பிறை_சாட்ஸ்வர்த்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் வாயைத் திறக்கிறேன். வயது 24. சாட்ஸ்வர்த்தில் அம்மாவோடும் ஆயாவோடும் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கு, புரட்டாசி விரதம், தைப்பூசக் காவடி எல்லாம் உள்ள வீடு. எனக்கு அதில் எதன் மேலும் கோபமில்லை. ஆனால் இயற்கையையும் தேவியையும் கும்பிடும் விக்கா என்ற புது மதத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, நிலாவையும் பருவத்தையும் வைத்து நானே என் வழிபாட்டைக் கட்டிக்கொள்ளலாம் என்பது மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மூன்று சந்தேகம். ஒன்று, யாரிடமும் தீட்சை வாங்காமல் தனியாகச் செய்தால் அது விக்காதானா? இரண்டு, அக்டோபர் 31 இலையுதிர் காலம், இறந்தவர்களின் நாள் என்று புத்தகத்தில் இருக்கிறது. இங்கே அன்று ஜகராண்டா பூத்துக் கிடக்கிறது, முதல் இடிமழை வருகிறது. எதைப் பின்பற்றுவது? மூன்று, வீட்டில் சொல்வதா வேண்டாமா?

இதுவரை கரண்ட் போகிற நேரம்தான் என் பூஜை நேரம். அப்போது மெழுகுவர்த்தி ஏற்றினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. லோட் ஷெடிங் குறைந்ததற்கு வருத்தப்பட்ட ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

ஃபீனிக்ஸ்_தம்பி

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில்: ஆயாவிடம் சொல்லுங்கள், அம்மாவிடம் சொல்லாதீர்கள். ஆயாக்கள் எதையும் பார்த்துவிட்டவர்கள்.

டொங்காட்_அக்கா

வாம்மா பிறை. தீட்சை விஷயத்தை நூலகப்பூனை வந்து எழுதட்டும், அது அவர் பேட்டை. நான் நாட்காட்டிக்கு வருகிறேன்.

விக்காவின் எட்டுத் திருநாளும் சூரியக் கணக்கு. பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாள், மிக நீண்ட பகல், மிகக் குறுகிய பகல், அப்புறம் இவற்றுக்கு நடுநடுவே நான்கு. புத்தகம் எழுதியவர்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து எழுதினார்கள். அவர்களுக்கு டிசம்பர் 21 யூல், நடுக்குளிர். நமக்கு அன்று காலை ஐந்துக்கு முன்னாலேயே வெளிச்சம், மத்தியானம் தார் இளகுகிறது, தெருமுனையில் லிச்சியும் மாம்பழமும் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். அன்று போய் "சூரியனே, மறுபடி பிறந்து வா" என்று கூப்பிட்டால் அவனுக்கே சிரிப்பு வரும். அதனால்தான் தென்கோளத்தில் பெரும்பாலானவர்கள் ஆறு மாதம் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். யூல் ஜூன் 21, இறந்தவர்களின் நாளான சவின் ஏப்ரல் கடைசி, கோடையைத் தொடங்கும் பெல்டேன் அக்டோபர் 31, நடுக்கோடை லித்தா டிசம்பர் 21.

ஆனால் தேதியைத் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. லூனசா என்பது முதல் அறுவடை. நம் கணக்கில் அது பிப்ரவரி 1. கரும்பாலைகள் திறப்பதோ ஏப்ரல் வாக்கில், டிசம்பர் வரை அரைக்கும். பிப்ரவரியில் காட்டில் கரும்பு நின்றுகொண்டிருக்கிறது, நீ எதை அறுத்தாய் என்று நன்றி சொல்வாய்? இங்கே மழை கோடையில், குளிர்காலம் காய்ந்து போய்க் கிடக்கும். ஐரோப்பாவின் பருவத்தைக் கண்ணாடியில் பார்த்தால் நம் நேட்டால் மாகாணம் வராது.

நான் எட்டு நாளையும் வைத்துக்கொண்டேன், உள்ளே இருப்பதை மாற்றினேன். யூலுக்கு அடையாளம் மத்தி. ஜூன், ஜூலையில் தென்கரையோரம் மத்தி கூட்டம் கூட்டமாக வரும்போது மேலே பறவைகள், கீழே வலைக்காரர்கள், கூடையோடு ஓடுகிற ஜனம். நடுக்குளிரில் கடல் சோறு போடுகிறது. வசந்தத்தைத் தொடங்கும் ஆகஸ்டு இம்போல்க்குக்கு உம்சின்சி மரம். நம் முள்முருக்குக்குத் தாயாதி, ஒரு இலை இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். சவின் வரும்போது ஆலை திறந்து கரும்புக்காட்டைக் கொளுத்த ஆரம்பித்துவிடுவார்கள். கொடியில் காயும் வெள்ளைத் துணி மேல் கரிச்செதில் வந்து உட்காரும், கையால் தட்டினால் நீளமாகக் கோடு இழுத்துவிடும், ஊதித்தான் எடுக்க வேண்டும். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து ஆளை இறக்கியதே இந்தக் கரும்புக்குத்தான். என் தாத்தாவின் தாத்தாவும் இதே காட்டில் வெட்டினவர். சவின் அன்று அந்தச் செதில் நாலைந்தை ஒரு தட்டில் வைத்து விளக்கேற்றுகிறேன்.

நீ சாட்ஸ்வர்த்துக்காரி, உன் அடையாளம் வேறாக இருக்கும். ஒரு பழைய நோட்டு எடு. சூரியன் மறையும் இடத்தைக் குறித்துக்கொண்டு வா. எங்கள் பின்கட்டிலிருந்து பார்த்தால் டிசம்பரில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு இடப்பக்கம் இறங்கும், ஜூனில் வலப்பக்கம். ஒரு வருடம் இதைப் பார்த்தாலே போதும், அதற்கு முன்னால் ஒரு பொருளும் வாங்காதே.

நூலகப்பூனை_பீட்டர்மாரிட்ஸ்பர்க்

என்னைக் கூப்பிட்டதால் வந்தேன்.

விக்காவை வெளியே கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர். பிரிட்டனில் 1735-ன் மாந்திரீகச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்டது, அவர் 1954-ல் தன் வழிபாட்டைப் பற்றிப் புத்தகம் போட்டார். அவர் வழியில் தீட்சை ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகும், மூன்று படி உண்டு, யார் யாருக்குக் கொடுத்தார் என்ற வரிசை உண்டு. அந்த வரிசைக்காரர்களிடம் கேட்டால் தனியாகச் செய்பவர் விக்கா இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் வீட்டுக் கதவு, அவர்கள் பூட்டு. அதில் நமக்குச் சண்டை வேண்டாம்.

ஆனால் அதே கார்ட்னரிடம் 1953-ல் தீட்சை வாங்கி, சடங்குப் பாடல்களில் பலவற்றைத் திருத்தி எழுதிய டோரீன் வாலியன்ட்டே 1978-ல் தானே தீட்சை எடுத்துக்கொள்ளும் முறையை அச்சில் கொடுத்துவிட்டார். 1988-ல் ஸ்காட் கன்னிங்ஹாம் தனியாளுக்கென்றே கையேடு எழுதினார். இன்று உலகத்தில் விக்கா என்று சொல்லிக்கொள்பவர்களில் தனியாட்கள் ஏராளம். "ஓராண்டும் ஒரு நாளும்" படித்துவிட்டு அப்புறம் உறுதி எடுப்பது ஒரு பழக்கம். அதை மட்டும் விடாதீர்கள் என்பேன். அவசரப்பட்டு உறுதி எடுத்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று, மூன்றாம் மாதம் வேறு ஏதோ ஒன்றில் இருப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் மூன்றாம் படி தீட்சை ராண்டுக்கு விற்கிறவர்களும் உண்டு. கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

ஒரு கொசுறு. கார்ட்னர் 1900-ல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். பிறகு மலாயாவில் ரப்பர், சுங்க இலாகா. 1936-ல் மலாய் குறுவாள்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் காலத்துத் தோட்டங்களில் கொழுந்து பறித்ததும் பால் வெட்டியதும் பெரும்பாலும் யார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இசிபிங்கோ_ஐயா

படித்துக்கொண்டே வந்தேன். மகளே, வருத்தப்படாதே, ஒரு கிழவன் கேட்கிறான். நீ தேடுவதில் எது நம்மிடம் இல்லை? பெண் தெய்வமா, மாரியம்மன் இருக்கிறாள். நிலாவா, பௌர்ணமி விரதம் இருக்கிறது. பருவமா, ஆடிக்கூழ் இருக்கிறது. ஈஸ்டர் விடுமுறையில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு வந்து பார், நாலு மாகாணத்து ஜனம் நிற்கும். கரும்புத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு நம் ஆட்கள் அம்மனை வைத்துக் கும்பிட்டபோது இந்தக் கார்ட்னர் பிறக்கவேயில்லை. வெள்ளைக்காரன் 1954-ல் எழுதியதைத் தேடிப் போக வேண்டுமா?

பிறை_சாட்ஸ்வர்த்

ஐயா, வருத்தமெல்லாம் இல்லை. கேட்டதற்கு நன்றி.

கோயிலில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது, ஆனால் அது ஏற்கெனவே தீர்மானித்த இடம். பூ கட்டுவேன், பாத்திரம் கழுவுவேன், அன்னதானத்துக்கு நறுக்குவேன். மந்திரம் சொல்பவர் வேறு, முடிவெடுக்கும் கமிட்டி வேறு. வீட்டுக்கு விலக்கான நாட்களில் வாசலோடு சரி. விக்காவில் என்னை இழுத்தது இதுதான்: விளக்கு ஏற்றுவதும் நான், சொல்வதும் நான், எந்த நாளும் எனக்குத் தடையில்லை. பழசா புதுசா என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. 70 வருடத்துப் பழக்கம் என்று தெரிந்துதான் வருகிறேன்.

அம்மனை விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை. இந்த வருடமும் கூழ் காய்ச்ச நான்தான் கிண்டப்போகிறேன். ஆயாவுக்குத் தோள் வலி.

டொங்காட்_அக்கா

நல்ல பதில். ஐயா இதற்குக் கோபப்படமாட்டார், எனக்குத் தெரியும்.

ரோஸ்ஹில்_மல்லி

மொரீஷியஸிலிருந்து. இங்கே தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறையே உண்டு, ஆனால் "லொங்கானிஸ்த்", அதாவது சூனியக்காரர், என்று யார் மேலாவது ஒரு பேச்சு கிளம்பினால் அந்த வீட்டுப் பக்கம் ஆள் வராது. அதனால் நான் யாரிடமும் சொன்னதில்லை. அலமாரிக்குள் ஒரு தட்டு, அவ்வளவுதான் என் பீடம்.

எனக்கு ஒரு குழப்பம். சடங்கு தொடங்க நம்மைச் சுற்றி வட்டம் போடும்போது சூரியன் போகும் திசையில் சுற்று என்கிறார்கள். புத்தகத்தில் அது வலஞ்சுழி. தென்கோளத்தில் இடஞ்சுழி என்று சிலர். நான் சின்ன வயதிலிருந்து கோவிலில் வலம் வந்தவள், இடமாகச் சுற்றினால் கால் பின்னுகிறது. யாராவது விளக்குங்களேன்.

வானம்பாடி_டர்பன்

இது எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

டர்பன் 30 பாகை தெற்கில் இருக்கிறது. மத்தியானச் சூரியன் வருடம் முழுக்க நமக்கு வடக்கே. வடக்கு பார்த்து நில்லுங்கள்: வலக்கைப் பக்கம் கிழக்கில் உதித்து, எதிரே உயர்ந்து, இடக்கைப் பக்கம் மறைகிறான். அதாவது இடஞ்சுழி. லண்டனில் தெற்கு பார்த்து நிற்பவனுக்கு அதுவே வலஞ்சுழி. ஆகவே "சூரியனோடு போ" என்பதுதான் விதி என்றால் டர்பனில் இடஞ்சுழிதான் சரி. நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற பூதங்களின் திசையும் அப்படியே. வடக்கே குளிர், அதனால் நிலம். தெற்கே வெயில், அதனால் நெருப்பு என்று புத்தகக்காரர்கள் வைத்தார்கள். நமக்கு வெயில் வடக்கே, அண்டார்க்டிக் குளிர் தெற்கே. நெருப்பை வடக்கில் வைப்பவர்கள் இங்கே நிறைய. கிழக்கே முழுக்க இந்தியப் பெருங்கடல் கிடக்க, நீரைப் புத்தகத்தில் உள்ளபடி மேற்கில் டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. நான் கிழக்கில் வைக்கிறேன்.

மல்லி, உங்கள் ஊர் விஷயம் இன்னும் வேடிக்கை. மொரீஷியஸ் 20 பாகை தெற்கு, மகர ரேகைக்கு உள்ளே. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை மத்தியானச் சூரியன் உங்கள் தலையைத் தாண்டித் தெற்கே போய்விடும். அப்போது தெற்கு பார்த்து நின்றால் வலஞ்சுழி! அதனால் வலம் வந்து பழகிய காலை வருடம் முழுக்க வலமாகவே விடுங்கள். கோவிலில் வலம் வருவது தெய்வத்தை வலக்கைப் பக்கம் வைத்துக்கொள்வதற்காக, சூரியனுக்காக மட்டுமில்லை. காரணம் தெரிந்து வைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் சுற்றினாலும் தடுமாற்றமில்லை.

வானத்துப் பிறையும் அப்படித்தான். விக்காக்காரர்கள் கழுத்தில் போடும் மூன்று நிலாச் சின்னத்தில் இடப்பக்கம் வளர்பிறை, ஒளி வலது ஓரத்தில். அது வடக்கத்திய வானம். அடுத்த அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை அன்று பொழுது சாய்ந்ததும் மேற்கே பாருங்கள். ஒளி கீழ் இடது ஓரத்தில் சாய்ந்திருக்கும். ஆயா வீட்டில் மூன்றாம் பிறை கும்பிடும் பழக்கம் இருந்தால், உங்கள் முதல் சடங்கு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

ஃபீனிக்ஸ்_தம்பி

அப்போ நான் வாங்கின டாலரைத் திருப்பி மாட்டிக்கணுமா?

வானம்பாடி_டர்பன்

முதுகுப்பக்கம் தொங்கவிடு, சரியாகிவிடும்.

கருப்புக்கோட்டு

சிரிப்பு போதும், ஒரு சங்கதி. பிறை, வீட்டில் சொல்வதா என்று கேட்டாய். வீட்டுக்கு வெளியே சொல்வதைப் பற்றியும் யோசி.

தென்னாப்பிரிக்காவில் 1957-ன் 3-ம் எண் மாந்திரீக ஒடுக்குமுறைச் சட்டம் என்று ஒன்று உண்டு. ஒருவரை மாந்திரீகம் செய்பவர் என்று குற்றம் சாட்டுவது அதன்படி குற்றம். தனக்கு அந்த வித்தை தெரியும் என்று சொல்லிக்கொண்டு சூனியம் வைக்கவோ கெடுதல் செய்யவோ அடுத்தவருக்கு வழிகாட்டுவதும், காசு வாங்கிக் குறி சொல்வதும் அதற்குள் வரும். மறுபக்கம் 1996 அரசியல் சட்டத்தின் 15-ம் பிரிவு மத சுதந்திரம் கொடுக்கிறது. விக்கா போன்ற இயற்கை வழிபாட்டுக்காரர்களின் (பேகன்) உரிமை அமைப்பினர் இந்த முரண்பாட்டை எடுத்துக்கொண்டுதான் சட்டச் சீர்திருத்த ஆணையத்திடம் போனார்கள். ஆணையம் 2016-ல் வெளியிட்ட ஆய்வுத்தாளில் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவரும் யோசனையை முன்வைத்தது. உன் அறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்காக யாரும் உன்னைத் தேடி வரப்போவதில்லை. ஆனால் டாரட் சீட்டு பார்த்துக் காசு வாங்காதே.

சட்டத்தை விட ஊர்வாய்தான் பெரிய ஆபத்து. லிம்போபோ பக்கத்தில் மாந்திரீகக் குற்றச்சாட்டில் எத்தனையோ பேரை, அதிலும் வயதான பெண்களை, அடித்தும் எரித்தும் கொன்றிருக்கிறார்கள். இதை விசாரிக்க ராலுஷாய் ஆணையம் போட்டு அது 1996-ல் அறிக்கை கொடுத்தது. வெளிநாட்டுப் பெண்கள் இணையத்தில் "ஆமாம், நான் சூனியக்காரிதான்" என்று சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்வார்கள். அந்தச் சட்டையை இங்கே டாக்ஸி ஸ்டாண்டில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். பெயர் இல்லாமலே வழிபடலாம்.

இசிபிங்கோ_ஐயா

கருப்புக்கோட்டு சொன்னது சத்தியம்.

பிறை, உன் பதிலைப் படித்தேன். விலக்கு நாள், கமிட்டி, இதெல்லாம் எங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, நான் பதில் வைத்திருக்கவில்லை. சரி, உன் வழியில் போ. ஒன்றே ஒன்று. இந்த வட்டத்துக்குள் தெய்வத்தைக் கூப்பிட்டு, சடங்கு முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவைப்பார்களாமே. இணையத்தில் காளியை அப்படிக் கூப்பிடுவதைப் பார்த்தேன், ஒரு புதன்கிழமை சாயங்காலம், வேலையில் மேலாளரோடு தகராறு என்பதற்காக. அம்மனைக் கூப்பிட்டால் விரதம் உண்டு, வாக்கு உண்டு, கூழ் உண்டு. வேலை முடிந்ததும் "போய் வா" என்று சொல்ல அவள் என்ன வாடகைக்காரியா?

டொங்காட்_அக்கா

இதில் நான் ஐயா பக்கம். நான் வட்டத்துக்குள் அம்மனைக் கூப்பிடுவதில்லை. அவளுக்கு வெள்ளிக்கிழமை, அவளுக்குக் காமாட்சி விளக்கு. வட்டத்தில் நிலாவும் கடலும் நிலமும் போதும். விக்காவில் தெய்வம், தேவி என்று பொதுவாக அழைக்கும் வழியும் உண்டே.

நூலகப்பூனை_பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நான் முழுக்க ஒத்துக்கொள்ளமாட்டேன். அம்மனோடு பிறந்து வளர்ந்த பிறை அவளை எந்த வட்டத்தில் அழைப்பது என்று தீர்மானிக்க அமெரிக்காவில் யாரோ செய்யும் கூத்து அளவுகோல் ஆகாது. கன்னிமூலையில் விளக்கு வைத்துத் தானே பேசும் ஆயாக்கள் எத்தனை பேர்! அவர்கள் எந்தக் கமிட்டியைக் கேட்டார்கள்? அழைக்கும்போது சோறு, விரதம், வாக்கு எல்லாம் கூட வர வேண்டும் என்பதை மட்டும் ஏற்கிறேன்.

இசிபிங்கோ_ஐயா

ஆயாக்கள் "போய் வா" என்று சொன்னதில்லை ஐயா. அதைத்தான் சொல்கிறேன்.

வார்விக்_மூலிகை

இந்தச் சண்டை இன்று முடியாது. நான் புகைக்கு வருகிறேன், பிறை அடுத்து அதைத்தான் கேட்பாள்.

வெளிநாட்டு வெள்ளை சேஜ் கட்டு இங்கே கிரிஸ்டல் கடைகளில் யானை விலை. அது வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் செடி, காட்டிலிருந்து வரம்பில்லாமல் பிடுங்குகிறார்கள். அதை விட்டுவிடுங்கள். உடனே டர்பன் வார்விக் சந்திப்பின் மேம்பாலத்து மூலிகைச் சந்தைக்கு ஓடி இம்ஃபேஃபோ கட்டு வாங்காதீர்கள். ஜூலு வீடுகளில் அது முன்னோர்களைக் கூப்பிடும் புகை. அறை மணக்க ஏற்றுகிற வத்தி இல்லை. விற்கிற அம்மாவிடம் எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள், அவர் சொல்வார், அல்லது சொல்லமாட்டார். மரப்பட்டைகளையும் தொடாதீர்கள். இசிபாஹா போன்ற மரங்களைச் சுற்றிலும் உரித்து உரித்து அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தாயிற்று.

உங்கள் வீட்டில் சாம்பிராணி இருக்கிறது. அது போதாதா?

வேப்பிலை கிடைக்காத வீடுகளில் வேம்பு போலிருக்கும் சிரிங்கா மரத்தின் இலை வைப்பார்கள் அல்லவா, அதை வாசலில் செருகலாம். ஆனால் அதன் காயும் பழமும் விஷம். வேம்பு என்று நினைத்துக் கஷாயம் போட்டுவிடாதீர்கள்.

பிறை_சாட்ஸ்வர்த்

நன்றி, நன்றி. நோட்டு எடுத்தாயிற்று. எங்கள் மாடியிலிருந்து மேற்கே ஒரு செல்போன் கோபுரம் தெரிகிறது, அதை அடையாளமாக வைத்திருக்கிறேன். தேவியைப் பற்றி இப்போதைக்கு முடிவெடுக்கவில்லை. ஆயாவிடம் சொன்னேன். "யாருக்கும் கெடுதல் நினைக்காமல் செய்வதா?" என்று மட்டும் கேட்டார். விக்காவின் முதல் விதியே அதுதான் என்றேன். "அப்போ சரி, மத்தி வந்ததும் சொல்" என்றார், அக்கா எழுதியதைப் படித்துக் காட்டியிருந்தேன்.

இரண்டு சின்னக் கேள்வி. சடங்குக் கத்தி வேண்டுமா? அம்மா என் மேசையைத் துடைப்பார். அப்புறம், சாம்பிராணிக் கரியை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போடலாமா?

டொங்காட்_அக்கா

கத்தி வேண்டாம். ஆள்காட்டி விரல் போதும், அதை யாரும் மேசையில் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

வார்விக்_மூலிகை

கரியைச் சாத்திய அறையில் போடவே கூடாது. மணமில்லாத நச்சுக்காற்று வரும், தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜன்னலைத் திறந்து வை, அடியில் மணல் போட்ட மண்சட்டியில் வை, தூங்கும் முன் தண்ணீர் ஊற்றி அணை. இல்லையென்றால் பின்கட்டில், ஆயா பக்கத்தில் உட்கார்ந்து போடு. அவர் கேட்டால் கொசுவுக்கு என்று சொல்ல வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.